காத்திருப்பின் இயற்பியல்

நெய்வேலியின் வட்டங்களிலும், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி என அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் ஓர் அரசு மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பிளஸ் டூ படித்தபோது பெற்று வந்தது. மூடியில் அரசின் முத்திரை தாங்கியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் வழியே இலட்சக்கணக்கான கருவிகளைக் கொள்முதல் செய்து அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர் கைகளில் சேர்த்தது. தொடக்கக் காலக் கருவிகளில் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வன்தட்டும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் அவை 4 ஜிகாபைட்டாகவும் 500 ஜிகாபைட்டாகவும் உயர்ந்தன. அன்றைய பணிகளுக்கு அவை போதுமானவை. இன்று அதே கருவியின் பொத்தானை அழுத்தினால் திரை முழுமையாக விழித்தெழச் சில நிமிடங்கள் ஆகின்றன. உலாவியைத் திறக்க மேலும் ஒரு நிமிடம். கணினிக்கு வயதாகிவிட்டது, பழைய பொருள்காரரிடம் போட்டுவிடலாம் என்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர்.

இம்முடிவு பெரும்பாலான வேளைகளில் தவறானது. அக்கருவியின் நுண்செயலி தளர்ந்துவிடவில்லை. நொடிக்கு இருநூறு கோடித் துடிப்புகளுடன் அது தொடக்க நாளில் இயங்கியது போலவே இன்றும் இயங்குகிறது. ஆனால் தன் நேரத்தில் பெரும்பகுதியை அது கணக்கிடுவதில் செலவிடுவதில்லை; கணக்கிட வேண்டிய தரவு வந்து சேரும்வரை வாளா இருப்பதில் கழிக்கிறது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் உறுப்புகள் இரண்டு: ஒன்று நினைவகம், கடைக்காரர் மொழியில் ‘ராம்’, மற்றொன்று சேமிப்பகம், இதுவரை ‘ஹார்ட் டிஸ்க்’, இனி ‘எஸ்.எஸ்.டி.’ இவ்விரண்டையும் மாற்ற வேண்டுமா, எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதை அறிய, காத்திருப்பு எங்கே பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நுண்செயலி தன் ஒரு துடிப்பை அரை நானோநொடியில், அதாவது நொடியின் இருநூறு கோடியில் ஒரு பங்கில் முடிக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவைக் கேட்டுப் பெற ஏறத்தாழ நூறு நானோநொடி ஆகும். திண்மநிலைச் சேமிப்பகம் எனப்படும் எஸ்.எஸ்.டி.யிலிருந்து பெற நூறு மைக்ரோநொடி. சுழலும் வன்தட்டிலிருந்து பெறப் பதினைந்து மில்லிநொடி. இவ்வெண்கள் யாவும் மனித உணர்வுக்கு எட்டாதவை என்பதால் அவற்றிடையே உள்ள இடைவெளி நமக்கு உறைப்பதில்லை. ஆகவே அனைத்தையும் ஒரே அளவில் பெருக்கிப் பார்ப்போம். நினைவகத்தின் நூறு நானோநொடியை ஒரு நொடி எனக் கொண்டால், எஸ்.எஸ்.டி. விடை தர ஏறத்தாழப் பதினேழு நிமிடம் ஆகும். வன்தட்டு விடை தர நாற்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கேள்விக்கு விடை பெற ஒன்றேமுக்கால் நாள் காத்திருக்கும் அறிஞரின் நிலையில்தான் அந்தப் பழைய மடிக்கணினியின் நுண்செயலி இருக்கிறது. அவரை மாற்றிவிட்டு இன்னும் விரைவாகச் சிந்திக்கும் ஒருவரை அமர்த்தினாலும் விடை வரும் நாள் மாறப்போவதில்லை.

இனி நினைவகத்தின் உள்ளே செல்வோம். இன்று உலகின் ஒவ்வொரு கணினியிலும் உள்ள இயங்குநிலை நினைவகத்தின் அடிப்படையை ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியலாளர் ராபர்ட் டெனார்ட் 1966-இல் கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு துண்மத்தை, அதாவது ஒன்று அல்லது சுழி என்னும் ஒற்றைச் செய்தியைத் தாங்க அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு மின்தேக்கியும் ஒரு திரிதடையமும் மட்டுமே. அதற்கு முன்னிருந்த வடிவங்கள் ஒரு துண்மத்துக்குப் பல திரிதடையங்களைக் கோரின. டெனார்டின் எளிமையால்தான் ஒரு விரல் நீளப் பலகையில் எட்டு ஜிகாபைட், எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 6,872 கோடி மின்தேக்கிகள், இன்று அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேங்கியிருப்பது சில பத்தாயிரம் எதிர்மின்னிகள் மட்டுமே.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. அத்துணைச் சிறிய தேக்கத்தில் மின்னூட்டம் நிலைத்து நிற்பதில்லை, கணந்தோறும் கசிகிறது. ஆகவே 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு கலத்தையும் ஒருமுறை படித்து, குறைந்ததை நிரப்பி, மீண்டும் எழுதியாக வேண்டும். நெய்வேலியில் வாழ்பவருக்கு இதனை விளக்க வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாக அதனை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இறைப்பு நின்றால் நீர் மேலெழும். நினைவகமும் அவ்வாறே ஓயாத மீட்டூட்டத்தால் மட்டுமே நினைவகமாக நிற்கிறது. மின்சாரம் போனால் அதில் உள்ள யாவும் அழிவது இதனால்தான். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். சில்லின் மேற்பரப்பு 85 பாகை செல்சியசைக் கடந்தால் மீட்டூட்டும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது நினைவகத் தரநிலைகளின் விதி. கத்திரி வெயிலில் காற்றே நாற்பது பாகையைத் தொடும் ஊரில், விசிறியில் தூசியடைத்த மடிக்கணினி அவ்வெல்லையை நெருங்கக்கூடும்.

நினைவகம் போதாதபோது என்ன நிகழ்கிறது? இதுவே மெத்தனத்தின் கருப்பகுதி. இயங்குதளமும் உலாவியும் சேர்ந்து 4 ஜிகாபைட்டுக்கு மேல் கேட்கும்போது கணினி ‘இடமில்லை’ என்று மறுப்பதில்லை. உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை நான்கு கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் புதியதை வைக்கிறது. பழைய பக்கம் மீண்டும் தேவைப்பட்டால் வேறொன்றை வெளியேற்றி அதனை உள்ளே அழைக்கிறது. பயனருக்கு இது தெரிவதில்லை. உலாவியில் ‘டேப்’ எனப்படும் ஒரு தத்தலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது திரை உறைந்து நிற்பது மட்டுமே தெரிகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளியேற்றிய பக்கங்களில் 100 மெகாபைட்டைத் திரும்ப அழைக்க வேண்டும் எனக் கொள்வோம். அதில் 25,600 பக்கங்கள் உள்ளன. அவை தட்டில் சிதறிக் கிடந்தால், நொடிக்கு எண்பது சிதறிய பக்கங்களைப் படிக்கவல்ல வன்தட்டுக்கு 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மலிவான எஸ்.எஸ்.டி.யும் நொடிக்குப் பத்தாயிரம் பக்கங்களைத் தரும்; அதற்கு இரண்டரை நொடி போதும். போதிய நினைவகம் இருந்திருந்தால் இப்பயணமே தேவைப்பட்டிராது. இரு உறுப்புகளும் ஒன்றன் குறையை ஒன்று ஈடுசெய்யும் உறவு இக்கணக்கில் தெளிவாகிறது. நினைவகம் காத்திருப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. சேமிப்பகம் ஒவ்வொரு காத்திருப்பின் நீளத்தைக் குறைக்கிறது.

வன்தட்டு ஏன் இத்துணை மெதுவானது? அது ஓர் எந்திரம் என்பதே விடை. ஐ.பி.எம். தன் முதல் வன்தட்டை 1956 செப்டம்பரில் அறிவித்தது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரு டன்னை மிஞ்சிய எடை. அத்தனைக்கும் அது தாங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள். அறுபது ஆண்டுகளில் அதன் கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியது. ஆயினும் தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும் என்னும் இரண்டு கட்டாயங்கள் மாறவில்லை. மடிக்கணினியின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்குப் பதினொரு மில்லிநொடி. வேண்டிய இடம் தலையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று. அதற்குமுன் கை உரிய தடத்துக்கு நகரப் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. சுழற்சியை ஓரளவுக்கு மேல் விரைவுபடுத்தினால் வெப்பமும் அதிர்வும் மின்செலவும் ஏறும். பொறியியல் தன் எல்லையைத் தொட்டுவிட்ட இடம் இது.

திண்மநிலைச் சேமிப்பகத்தில் நகரும் பொருள் எதுவும் இல்லை. 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை விளக்கினர். காப்புப் பொருளால் எல்லாப் புறமும் சூழப்பட்ட ஒரு கடத்தித் துணுக்கு அது. அதனுள் எதிர்மின்னிகளைச் செலுத்திவிட்டால் மின்சாரம் நின்ற பின்னும் அவை வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் தங்கும். இதனைக் கொண்டு தொகுதி தொகுதியாக அழித்தெழுதும் பளிச்சு நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கினார். இன்று எஸ்.எஸ்.டி.களில் உள்ள நான்ட் வகையை அவர் குழு 1987-இல் அறிவித்தது.

எல்லாப் புறமும் காப்பிட்ட அறைக்குள் எதிர்மின்னி எவ்வாறு நுழைகிறது என்பது இத்துறையின் பேரழகான வினா. பத்து நானோமீட்டர் அளவே தடித்த காப்புப் படலத்தின் மீது இருபது வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தந்தால், பழைய இயற்பியலின்படி கடக்கவே முடியாத தடையைச் சில எதிர்மின்னிகள் ஊடுருவி மறுபுறம் சேர்கின்றன. ‘குவாண்டம்’ எனப்படும் துளிம இயற்பியலின் ஊடுருவல் விளைவு இது. பாடநூலில் அணுக்கருச் சிதைவோடு நம் மாணவர் படிக்கும் இவ்விளைவு, அவர் தம் கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் மடிமீது நிகழ்கிறது. இதைப் பள்ளி வகுப்பறையில் சொல்லாமல் விடுவது பெருங்குறை என்பேன்.

ஊடுருவும் ஒவ்வொரு முறையும் படலம் சிறிது சிதைகிறது. ஆகவே கலங்களுக்கு எழுதும் எண்ணிக்கையில் வரம்பு உண்டு; ஒரு கலத்தில் மூன்று துண்மங்களைத் திணிக்கும் இன்றைய பொதுவகைக்கு அது ஓரிரண்டாயிரம் அளவில் நிற்கிறது. எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துகளை எல்லாக் கலங்களிலும் சமமாகப் பரப்பித் தேய்மானத்தைப் பகிர்ந்தளிக்கிறது. 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.க்கு 80 டெராபைட் எழுதலாம் என்று உறுதி தரப்பட்டால், நாள்தோறும் பத்து ஜிகாபைட் எழுதும் மாணவருக்கு அது இருபது ஆண்டைத் தாண்டும். தேய்மானத்தை எண்ணி அஞ்சித் தயங்குவோர் அச்சத்தை விடலாம். வன்தட்டுக்குச் செய்துவந்த, ‘டிஃப்ராக்’ எனப்படும் துண்டொழுங்கை மட்டும் இதற்குச் செய்யலாகாது. சிதறல் இங்கு இடரன்று, வீண் எழுத்தே இடர்.

மாற்றும் பணிக்கு வருவோம். நினைவகப் பலகை வாங்குமுன் தலைமுறையை அறிய வேண்டும். டி.டி.ஆர்.3 மடிக்கணினிப் பலகையில் 204 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4-இல் 260, டி.டி.ஆர்.5-இல் 262. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாதிருக்க வெட்டுப்பள்ளமும் இடம் மாறியிருக்கும். டி.டி.ஆர்.3-இலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும் 1.35 வோல்ட்டில் இயங்கும் ‘எல்’ வகையும் உண்டு. சில தாய்ப்பலகைகள் பின்னதை மட்டுமே ஏற்கும். பழைய பலகையைக் கழற்றிக் கடைக்கே கொண்டுசெல்வது எல்லாக் குழப்பத்தையும் தீர்க்கும். வன்தட்டின் இடத்தில் அமரும் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஏழு மில்லிமீட்டர் தடிப்புடையது. பழைய தட்டு ஒன்பதரை. ஆட்டம் இருந்தால் உடன்வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். மின்கலத்தைக் கழற்றியபின், கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கியபின், நினைவகப் பலகையைச் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் ஓசையுடன் பற்றும். ஓசை கேட்கும்வரை விடக்கூடாது. திருப்புளியைக் கையில் எடுத்த நேரத்திலேயே விசிறியையும் துடைத்துவிடுங்கள். சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் அடுத்த குடியிருப்புகளில் கரித்தூளும் சாம்பலும் கலந்த படிவு வெப்பத் தகடுகளின் இடைவெளியை அடைத்திருப்பதைக் காணலாம்.

பொருளை மாற்றியும் பயன் தெரியவில்லை என்பாரும் உண்டு. அவர்கள் இயங்குதளத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. 32 துண்ம இயங்குதளங்கள் பொதுவாக 4 ஜிகாபைட்டில் நின்றுவிடும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இப்பழைய நுண்செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே 64 துண்ம லினக்ஸ் ஒன்றை நிறுவுவதே நேர்வழி. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் இவ்வகையதே. தமிழில் எழுத, படிக்க, இணையத்தில் உலவ, நிரல் பழக அது குறையேதும் வைப்பதில்லை.

எதை முதலில் மாற்றுவது? 4 ஜிகாபைட் நினைவகத்துடன் வன்தட்டு உள்ள கருவியாயின் எஸ்.எஸ்.டி. முதலில், அம்மாற்றம் ஒன்றே மறுபிறப்புக்கு ஒப்பானது. 2 ஜிகாபைட் கருவியாயின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்கும். நான்கை எட்டாக்குவது பெரும்பயன் தரும். எட்டைப் பதினாறாக்குவதில் படிக்கும் மாணவருக்குக் கிடைப்பது மிகச் சிறிது. காணொளி தொகுப்பவருக்கும் பெருந்தரவுடன் உழைப்பவருக்கும் அது தேவை. மற்றவர் அப்பணத்தைப் புதிய மின்கலத்துக்குச் செலவிடலாம். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் உலகெங்கும் விலை கூர்மையாக ஏறியது. எனவே பழைய கருவிகளிலிருந்து கழற்றிய நல்ல பலகைகளுக்கும் இன்று மதிப்பு உண்டு. அவற்றை வாங்கினால் மெம்டெஸ்ட் போன்ற ஆய்வு நிரலை ஓரிரவு ஓடவிட்டுப் பிழையில்லை என உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நெய்வேலியில் இருந்து இதனைப் பேசும்போது இன்னொரு கணக்கையும் போடாதிருக்க இயலாது. ஈரம் மிகுந்த இவ்வூர்ப் பழுப்பு நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். காற்றில் ஒரு கிலோவை மிஞ்சிய கரியமில வளி சேரும். பதினைந்து வாட்டில் இயங்கும் மடிக்கணினியை நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டில் முந்நூறு நாள் பயன்படுத்தினால் ஆகும் செலவு பதினெட்டு யூனிட், அதாவது பதினெட்டுக் கிலோ நிலக்கரி. ஒரு புதிய மடிக்கணினியை உருவாக்குவதிலோ, உற்பத்தியாளர் வெளியிடும் மதிப்பீடுகளின்படி, இருநூறு கிலோவை ஒட்டிய கரியமில வளி வெளியேறுகிறது. நிலக்கரி மின்சாரத்திலேயே ஓட்டினாலும், பழைய கருவியைப் பத்தாண்டு ஓட்டுவதற்கு நிகரான சுமை புதியதொன்றைச் செய்வதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆயினும் இவ்வழி எல்லாக் கருவிக்கும் திறந்திருக்கவில்லை. மெலிந்த மடிக்கணினிகளில் நினைவகச் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகின்றனர். இதற்குப் பொறியியல் நியாயம் உண்டு: குறைமின் நினைவகம் நுண்செயலிக்கு மிக அருகில் குறுகிய தடங்களுடன் இருந்தால்தான் தன் முழுவிரைவை எட்டும். எனினும் கழற்றக்கூடிய தன்மையை இழக்காமல் அவ்விரைவைப் பெறும் கேம்2 என்னும் பலகை வடிவத்தை, நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 இறுதியில் வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் இருபது இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கருவிகள் வழங்குவதாக அறிவித்தது; அவற்றுக்கு 8 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யும் குறிக்கப்பட்டன. நல்ல தொடக்க அளவு. இத்தகைய பெருங்கொள்முதல் ஒவ்வொன்றின் ஒப்பந்தப்புள்ளியிலும், கழற்றி மாற்றத்தக்க நினைவகமும் சேமிப்பகமும் கட்டாயம் என்னும் ஒரு வரி இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். 2022-இல் ஒன்றிய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கெனத் தளம் தொடங்கியது. அவ்வுரிமைக்கு உயிர் தருவது கொள்முதல் விதிகளே. இருபது இலட்சம் கருவி வாங்கும் அரசு கேட்டால் மறுக்கும் உற்பத்தியாளர் இல்லை.

கழற்றிய பழைய வன்தட்டைத் தூக்கியெறிய வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் யு.எஸ்.பி. கேசில் இட்டால் அது நல்ல காப்புப் படி ஆகும். அவ்வகையில் அது எஸ்.எஸ்.டி.யை விடவும் ஒரு படி மேலானது. ஏனெனில் எஸ்.எஸ்.டி.யில் சிறைப்பட்ட எதிர்மின்னிகளும் மிக மெல்லக் கசிகின்றன. வெப்பம் அதனை விரைவுபடுத்துகிறது. எழுத்து வரம்பு முழுவதும் தீர்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் தரநிலை. புதிய எஸ்.எஸ்.டி. அதனினும் நெடுங்காலம் தாங்கும். எனினும் நெய்வேலியின் கோடையில் மூடிய அலமாரி முப்பது பாகையில் நிற்பதில்லை. ஆகவே குடும்பப் படங்களையும் சான்றிதழ்ப் படிகளையும் பழைய காந்தத் தட்டில் ஒரு படி எடுத்து வையுங்கள், எஸ்.எஸ்.டி. உள்ள கணினியைச் சில திங்களுக்கு ஒருமுறையேனும் மின்னூட்டி இயக்குங்கள்.